கோழிக்குத் தண்ணீர் வைத்த தொப்பி

"போலி! சுத்தப் போலி!"

ரூஸெல் போட்ட சத்தத்தில் அந்த நார்மண்டி ஊரின் ஞாயிற்றுச் சந்தையே திரும்பிப் பார்த்தது. கூடாரக் கம்பிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்த சந்தைக் கண்காணிப்பாளர் பெனுவா, டிரில்லும் கையுமாக ஓடி வந்தார்.

ஊரின் போர் அருங்காட்சியகத்துக்கு ரூஸெல்தான் எல்லாம். பழைய ராணுவச் சாமானில் எது அசல், எது போலி என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. மறுபேச்சுப் பேச அவர் இடைவெளி விட்டால்தானே!

இப்போது அவர் கையில் இருந்தது, பழைய ராணுவச் சாமான் விற்கும் ஒடிலின் கடையிலிருந்து எடுத்த இரும்புத் தொப்பி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் வீரன் போட்டது. வாங்குவதற்காகப் பர்ஸைத் திறந்த பள்ளி ஆசிரியர் மெல்ல மூடிக்கொண்டார்.

"எங்க மாமனார் கோழிக்குத் தண்ணி வெச்ச தொப்பிங்க ஐயா. சண்டை முடிஞ்ச வருஷத்துலேர்ந்து கோழிக்கூண்டுலதான் கெடந்துச்சு" என்றாள் ஒடில்.

"யாரு சாட்சி? கோழியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நகலும் விக்கிறேன், இல்லேங்கலை. நாடகக்காரங்க வாங்குவாங்க. அந்தப் பெட்டியில பாருங்க, ஒவ்வொண்ணுலயும் 'நகல், பத்து யூரோ'ன்னு சீட்டு தொங்குது. இது அசல். அதான் சீட்டு போடலை."

"சீட்டு இல்லாம போலி வித்தா கடையைத் தூக்கணும். சந்தை விதியாச்சே, என்ன பெனுவா?"

பெனுவாவுக்குத் தர்மசங்கடம். பன்னிரண்டு வருஷமாக ஒடில் மேல் ஒரு புகார் வந்ததில்லை. ஆனால் நிபுணரே சொல்கிறாரே!

"மன்னிச்சுக்கோ ஒடில். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து உனக்கு இங்கே இடமில்லை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிண்ணே. அந்த டிரில்லை மட்டும் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."

மதியம் ஒரு மணி. எல்லாரும் கடை கட்டும் நேரம். பெனுவா பக்கத்துக் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தபோது ரூஸெல் தனியாகத் திரும்பி வந்தார். குரலில் தேன் ஒழுகியது.

"பாவம்மா நீ. அந்தப் போலியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே? குடு, என் தோட்டத்துல பூச்செடியாவது வைக்கிறேன். பத்து யூரோ தர்றேன்."

"பூச்செடிக்குத்தானே? நானே வெச்சுட்டேனே!"

ஒடில் மேசைமேல் எடுத்து வைத்தாள். தொப்பி நிறைய மண். மண்ணில் சிவப்பு ஜெரேனியம். அடியில் புத்தம்புதுசாய் மூன்று ஓட்டை, அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

"அடிப் பாவி! அசல் தொப்பியில ஓட்டை போட்டுட்டியே! இந்த ஜில்லாவுலயே இந்த மாதிரி நாலு இருந்தா அதிகம்!"

சந்தை மொத்தத்துக்கும் கேட்டது. காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஆசிரியரும் நின்றுவிட்டார்.

"காலையில போலின்னீங்களே?" என்றார் பெனுவா.

ரூஸெல் பத்து யூரோவை மேசைமேல் வீசிவிட்டு, ஜெரேனியத்தோடு தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

பெனுவாவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உன் இடம் உனக்குத்தான் ஒடில். அந்த ஆள் பேச்சைக் கேட்டு உன்னை அவமானப்படுத்திட்டேன். ஒரு நல்ல தொப்பியும் பாழாப்போச்சே!"

ஒடில் மேசைக்கு அடியில் குனிந்தாள். கோழி எச்சக் கறையோடு ஒரு இரும்புத் தொப்பி வெளியே வந்தது. அதை ஆசிரியரிடம் நீட்டினாள்.

பெனுவா அதையே உற்றுப் பார்த்தார். "அப்போ அவர் அணைச்சுக்கிட்டுப் போனது?"

"நகல் பெட்டியில இருந்ததுண்ணே. சீட்டுகூட அதுலயேதான் தொங்குது. பெரிய நிபுணராச்சே, சீட்டெல்லாம் படிச்சுப் பார்ப்பாரா என்ன!"