வெளிச் சத்தம்

"வீட்டுக்காரரோட மியூசிக் பிளேயருக்குக் காதுக்குள்ள செருகுற ஹெட்போன் வேணும்ண்ணே. விலை கம்மியா இருக்கணும், ஆனா வெளிச் சத்தம் துளியும் கேக்கக் கூடாது."

சொல்லும்போதே அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். மகள் அவள் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

கடைக்காரர் ஒன்றை எடுத்தார். "இந்த விலைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லம்மா. ரப்பர் காதைக் கச்சிதமா அடைச்சுக்கும்."

"நீங்களே போட்டுக் காட்டுங்க."

அவர் மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டார். அவள் சட்டென்று போய்க் கடைக் கதவைத் திறந்து மூடினாள். கீல் கிறீச்சிட்டது. அவர் திரும்பவேயில்லை.

"கூப்பிடு பாப்பா."

"அங்கிள்!" என்று மகள் கத்தினாள். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இதையே குடுங்க," என்றாள், அவர் கழற்றியதும்.

"பார்த்துப் பார்த்து வாங்குறீங்க. கொடுத்து வெச்ச மனுஷன்! மாத்தணும்னா ஒரு வாரத்துல வாங்க."

"வர மாட்டோம்ண்ணே."

வெளியே வந்ததும் மகள் கிசுகிசுத்தாள்.

"அம்மா, நாம கதவைத் திறந்து ஓடுறது இந்தத் தடவை அப்பாவுக்குக் கேக்காதுல்ல?"