பக்கக் கண்ணாடி

சக்கர வீடான கேரவனைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவைச் சுற்றும் தம்பதிகளுக்குச் சாயங்காலப் பொழுதுபோக்கு ஒன்றுதான்: முகாமுக்குப் புதிதாக வருகிற ஜோடி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது போடுகிற சண்டையைப் பார்ப்பது. நேற்று பிரமிளாவும் அவள் கணவர் தயாபரனும் போட்டதை முகாமே காபியோடு ரசித்தது. இன்று பிரமிளா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதிதாக வந்த ஜோடியில் கிழவி இறங்கி, வண்டிக்குப் பின்னால் நின்று ஒரு விரலை லேசாக அசைத்தாள். கிழவர் பக்கக் கண்ணாடியில் அவளையே பார்த்தபடி ஒரே தடவையில் நிறுத்திவிட்டார். பிரமிளாவுக்கு வயிறு எரிந்தது.

“புதுசாக் கட்டிக்கிட்டதா இருக்கும்,” என்றார் தயாபரன்.

“எழுந்திருங்க. நம்ம வண்டியை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விடுங்க.”

“நல்லாத்தானே நிக்குது?”

“அது இருக்கட்டும். நான் பின்னாடி நிக்கிறேன், வாயே திறக்க மாட்டேன். நீங்க கண்ணாடியில என்னைப் பாருங்க.”