கேட்காமல் விட்ட கேள்வி

"உன் வீட்டுலயும் அம்மா நர்ஸா?"

நர்சிங் கல்லூரித் தேர்வுக் குழுத் தலைவி கேட்டதும் பக்கத்தில் இருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து வந்த பதினோரு பெண்களும் அம்மா, அத்தை, அக்கா என்று ஆளுக்கொரு நர்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இல்லை" என்றாள் ஜானெத். "எங்கம்மா மூணாவதுதான் படிச்சாங்க. ஆனா ஊசி போடுவாங்க, லிசென்சியாதா."

பொலிவியாவின் ஓருரோ நகரில் பட்டம் வாங்கிய நர்ஸை 'லிசென்சியாதா' என்றுதான் கூப்பிட வேண்டும். பட்டமே இல்லாத அம்மாவையும் சுரங்கத் தெருவில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வாசலில் ஓர் அட்டை தொங்கும். 'ஊசி போடப்படும்.'

கடையில் மருந்தை வாங்கிக்கொண்டு ஜனம் நேராக அம்மாவிடம் வரும். ஜானெத் பஞ்சு நீட்டுவாள்.

"மலையையே குடையுற ஆளு, இத்துனூண்டு ஊசிக்குக் கண்ணை மூடுறியே, வெக்கமா இல்ல?" என்பாள் அம்மா, சுரங்கத் தொழிலாளி ஒருவனிடம். அவன் சிரித்து முடிப்பதற்குள் ஊசி போட்டாகியிருக்கும்.

ஆனால் மருந்தை ஏற்றும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்பாள். இதை முன்னே போட்டிருக்கிறாயா, உடம்பு தடித்ததா?

"ஒரு சனிக்கிழமை அந்தக் கேள்வி விட்டுப்போச்சு" என்றாள் ஜானெத்.

பக்கத்து வீட்டு செனோன். தொண்டை வலி. பென்சிலின்.

முகம் வீங்கியது. உதடு நீலமானது. நாற்காலியை விட்டு அவன் எழுந்திருக்கவே இல்லை. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

அம்மாவுக்கு இரண்டு வருடம் சிறை. செனோனின் மனைவி இன்றும் அம்மாவைத் தெருவில் பார்த்தால் காறித் துப்புகிறாள். அம்மா முந்திக்கொண்டு தலை குனிந்து நிற்கிறாள்.

அறையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா செஞ்ச தப்பை நேர் பண்ண வந்திருக்கே. இதை மறைக்காம சொல்ல தைரியம் வேணும்மா" என்றார். பட்டியலில் ஜானெத்தின் பெயரை எழுதி, கீழே கோடும் இழுத்தார். "திங்கக்கிழமை வகுப்பு. கிளம்பு."

இரண்டு வருடமாக விண்ணப்பித்தும் கை நழுவிப்போன இடம்.

நன்றி சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தால் போதும். வெள்ளை உடுப்பு. பட்டம். தெருவே கூப்பிடும் அந்தப் பெயர், இந்த முறை நிஜமாக. அம்மா அவளிடம் வேண்டிக் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

ஜானெத் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்குக் கார்னிவல், லிசென்சியாதா. அம்மா மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு ஊர்வலத்துல ஆடிட்டிருந்தாங்க. முகமூடி போட்டு ஆடினா யாரு எவருன்னு யாருக்குத் தெரியும்? வீட்டுலதான் இருந்தேன்னு அவங்க சொன்னதை எல்லாரும் நம்பிட்டாங்க."

தலைவிக்குப் புரியவில்லை. "அப்போ வீட்டுல?"

"நான் மட்டும்தான் இருந்தேன். எனக்குப் பதினாலு வயசு."