பன்னிரண்டு ஹாரன்

எங்கள் கேமில் பன்னிரண்டு ஹாரன் வாங்கிய ஒரே ஆள், அதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

ஜங்ஷனிலிருந்து சீவலப்பேரிக்கு டவுன் பஸ் ஓட்டுகிற கேம் அது. பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜ் வேண்டாமென்று உட்கார்ந்து நான் செய்தது. படம் வரைந்தது என் கூட்டாளி சல்மான் ஃபாரிஸ். விளையாடக் காசு கிடையாது. பிடித்திருந்தால் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஒரு புது ஹாரன் வாங்கலாம். வாங்காவிட்டாலும் பஸ் ஓடும். வாங்குகிறவர் பெயரை பஸ்ஸின் பின்கண்ணாடியில் எழுதுவோம். அதற்காகப் பெயர், ஊர், மெயில் கேட்போம்.

ஆயிரம் பேர் ஓட்டினார்கள். ஓசியில்.

கேம் தன் நெட் பில்லைத் தானே கட்டுகிற வரைக்கும்தான் கம்ப்யூட்டர் என்று அப்பா சொல்லிவிட்டார். இல்லையென்றால் டவுனில் அவர் நண்பரின் பெயின்ட் கடையில் சேர வேண்டும்.

அப்போதுதான் எலிசபெத் வந்தார். ஊர் பாளையங்கோட்டை. ஞாயிறுதோறும் ஒரு ஹாரன். எங்களிடம் இருந்ததே பன்னிரண்டுதான், எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். மூன்று மாசமாக நெட் பில் கட்டியது அந்தக் காசில்தான்.

ஒரு நாள் கேமின் பதிவுகளைப் பார்த்தேன். எலிசபெத் போனில் சவுண்ட் ஆஃப். முதல் நாளிலிருந்தே ஆஃப்.

சல்மானிடம் காட்டினேன்.

"ஏலே, இது ஏதோ சின்னப்புள்ள வேலை. சர்ச் விட்டு வந்ததும் அம்மா போனை எடுத்து அமுக்குது. சத்தம் கேட்டா மாட்டிக்கிடும்லா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கவனிக்காத அந்த அம்மா மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் காசை வைத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. கேட்டுவிடலாம் என்றேன்.

"கேளு வே. காசைத் திருப்பிக் குடுத்துட்டு, நாளைக்கே போயி பெயின்ட் டப்பாவைக் குலுக்கு."

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

"அக்கா, உங்க வீட்டுப் பிள்ளை உங்களுக்குத் தெரியாம ஹாரன் வாங்குது. போனைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. காசைத் திருப்பித் தாறேன்."

மறுநாள் மதியம் பதில் வந்தது. சல்மான் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

"தம்பி, என் வீட்டில் பிள்ளைகள் கிடையாது. வாங்கியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை தையல் வேலை இல்லை, அன்றைக்குத்தான் ஓட்ட நேரம். எனக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மற்ற கேம்களில் பின்னால் வண்டி வந்து இடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். உங்கள் கேமில் எந்தப் பக்கம் வண்டி வருகிறதோ, அந்தப் பக்கம் திரையின் ஓரம் மஞ்சளாக மின்னுகிறது. முதல் தடவையாக நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். ரொம்ப நன்றி."

நான் சல்மானைப் பார்க்கவில்லை. அந்த மஞ்சள் விளக்கை யாருக்காகவும் வைக்கவில்லை. கேம் செய்யும்போது என் போனில் ஸ்பீக்கர் போயிருந்தது. சத்தத்துக்குப் பதிலாகச் சோதித்துப் பார்க்க வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான்.

"அதை எடுத்துராத லே," என்றான் சல்மான், பைய.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

"அந்த விளக்குக்கு நீங்கள் விலை போடவில்லை. ஹாரனுக்குத்தான் போட்டிருந்தீர்கள். அதனால் அதை வாங்கினேன்."