பெர்லினில் மைக்செட்

கட்டுமாவடியில் மீன் ஏலம் கூறி முடித்த கையோடு, பெர்லின் கிளப்பில் டிஜேயாக இருக்கும் மகன் வசந்த்தை வீடியோவில் அழைத்தாள் திலகவதி.

"மைக்செட் போடவாடா அம்புட்டுத் தூரம் போன? பொண்ணு வீட்டுல சிரிக்கிறாங்க. இந்த வாரத்தோட மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து சேரு."

"வெள்ளி, சனி, ஞாயிறு மூணு ராத்திரியும் ஹவுஸ்புல்லும்மா. இங்கிட்டுப் பாரு!"

வெள்ளைக்காரக் கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது.

"எவளோ ஒருத்தி காட்டுக் கத்து கத்துறா. அதுக்குப் போயி இந்த ஆட்டமா?"

"நல்லாக் கேளும்மா. போன தடவை ஊருக்கு வந்தப்ப நான் போன்ல புடிச்சது. நண்டு ஏலத்துல நீ கத்துனதுதான்!"

திலகவதி போனைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, ஆமா! ஆனா அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுடா. நாளைக்கு நல்லாக் கத்தி அனுப்புறேன், அதைப் போடு. நீ பாட்டுக்கு ஊருக்குக் கெளம்பி வந்துறாத!"