கெர்மானில் நெய்த மான்

காயல்பட்டினத்து வீட்டில், கட்டிலோரச் சுவரில் தொங்கிய கம்பளத்தின் மேல் ஆய்வாளர் சுகந்தி, நெய்த முடிச்சுகளைப் படித்து வரலாறு சொல்லும் முடிச்சுமானியை வைத்தார். சிங்கமும் மானும் போட்ட கம்பளம். விடை உடனே வந்தது. வயது நூற்றெண்பது ஆண்டு, ஊர் ஈரானின் கெர்மான், நெய்தவள் இடதுகைக்காரி. அவளுடைய வாரிசு இருக்கிறார். அவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

“வாப்பாவுக்குக் கண் தெரியாது மேடம். அந்த மானைத் தடவாம தூங்க மாட்டாங்க,” என்றாள் மகள் ஜுலைகா.

“சிங்கத்தை அவங்க வச்சுக்கட்டும். மானை மட்டும் வெட்டித் தரச் சொல்லு,” என்றார் கட்டிலில் படுத்திருந்த வாப்பா.

சுகந்தி கெர்மானிலிருந்த வாரிசைத் திரையில் அழைத்தார். திரையில் தோன்றிய பெண் சொன்னதை இயந்திரம் தமிழில் சொன்னது: “எனக்கு அது வேண்டும். அவள் கைபட்ட பொருள் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.”

சுகந்தி திரையைக் கட்டில் பக்கம் திருப்பினார். கிழவரின் விரல்கள் மானின் மேல் மெல்ல நகர்ந்தன. அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள்.

“அவர் இருக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் என்னை அழைத்து, தொட்டால் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.”

“இப்பவே சொல்றேன், கேக்குதாம்மா? மானோட முதுகு தேஞ்சுபோச்சு, அது என் கை செஞ்ச வேலை. காது மட்டும் நெய்தபடியே இருக்கு,” என்றார் வாப்பா.