இடப்பக்கத்துப் பிள்ளை

"உனக்கு ஒரு கைதானே வேலை செய்யுது, ரெண்டு பிள்ளைய எப்படி வளர்ப்ப? சின்னவனை நான் கொண்டுபோறேன். தம்பியும் சரின்னுட்டான்."

நாத்தனார் அறை வாசலிலேயே நின்று முடிவைச் சொல்லிவிட்டாள். வெளியே கார் காத்திருந்தது.

கட்டிலில் தம்பி மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். பிரசவத்தன்று மூளையில் ரத்தம் கட்டி அவளுக்கு இடது கை விழுந்துவிட்டது. வலப்பக்கம் மூத்தவன், இடப்பக்கம் சுவரோரமாக இளையவன். இரட்டையர்.

வலது கை மூத்தவனைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவனோ அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். சிணுங்கியது இளையவன்தான்.

"தூங்குறவனைத் தட்டுற, அழுறவனைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?"

"மெதுவா பேசுங்க அண்ணி."

தட்டல் நிற்கவில்லை. மதிய வெயில் திரைச்சீலையில் வடிந்து, அறை முழுக்கப் பால் நிறத்தில் தேங்கியிருந்தது. அந்தத் தட்டல் சத்தத்தைக் கேட்கக் கேட்க நாத்தனாருக்கே கண் சொக்கியது. கோபம்கூடக் கையை விட்டு நழுவுவதுபோல் இருந்தது.

சுவரோர அலமாரிக் கண்ணாடியிலும் ஒரு கை தட்டிக்கொண்டிருந்தது. அதே கைதான் தெரிகிறது என்று பாதி மயக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்தக் கைக்கடியில் இருந்த பிள்ளை கண் விழித்திருந்தான்.

அருகே போய் எட்டிப் பார்த்தாள். எல்லோரும் கைகழுவிவிட்ட அந்த இடது கை, இளையவன் முதுகில் எழுந்து எழுந்து விழுந்தது. கொஞ்சம் சோம்பல்தான், ஆனால் தாளம் தப்பவில்லை.

"இது அசையுதே?"

"நான் சொன்னா கேக்காது அண்ணி. வலது கை எதைச் செஞ்சாலும் கூடவே செய்யும். ஒரு கைக்குப் போற உத்தரவு ரெண்டு கைக்கும் போயிடுதாம். அதுவும் ஒரு கோளாறுதான்னு டாக்டர் சொன்னார்."

"அப்ப வலது கையாலயே இவனைத் தட்டேன்."

"ஒத்துக்க மாட்டான். இந்தக் கை பட்டாத்தான் தூங்குவான்."

சிணுங்கல் அடங்கிக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தூக்க நீட்டிய கைகளை நாத்தனார் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"அப்ப இவ்வளவு நேரம் பெரியவனைத் தட்டினது?"

"அவன் நீங்க வர்றதுக்கு முன்னாடியே தூங்கிட்டான் அண்ணி. நான் தட்டுறதே இவனுக்காகத்தான்."